காணிக்கை நேரத்தில் என்ன பேசுவது?

கேள்வி: ஐயா, எங்கள் சபையின் பொருளாளராக இந்த வருடம் பொறுப்பெடுத்திருக்கிறேன். ஆராதனையில் காணிக்கைக்கு முன் கொஞ்சம் ஊக்கப்படுத்திப் பேசச் சொல்கிறார்கள். காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: தம்பி, நீங்கள் காசு கேட்கவே வேண்டாம். போன மாதக் காணிக்கை எங்கே போனது என்று சொல்லுங்கள். ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றியது, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கியது, படுக்கையில் கிடக்கும் ஆச்சிக்கு மருந்து எடுத்தது. ஆச்சியின் பெயர் மட்டும் வேண்டாம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் நிருபத்தில் 8ஆம், 9ஆம் அதிகாரங்களை ஆறுதலாக வாசியுங்கள். கொடிய வறுமையிலும் அள்ளிக் கொடுத்த மக்கெதோனியா சபைகளைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார். இது கட்டளை அல்ல என்றும் எழுதுகிறார். அப்புறம், காணிக்கைப் பணத்தில் யாரும் குறை சொல்லாதபடி, தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார். சனத்துக்கு நம்பிக்கை வருவது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஊருக்கும் இது புதிதல்ல. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் சேர்த்து, பிடியரிசியாகக் கொண்டுவந்து கொடுத்த அம்மாக்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். காசு புழங்காத வீட்டுக்கும் கொடுக்க வழி இருந்தது. இன்றைக்கும் தேங்காயோ முருங்கைக்காயோ கொண்டுவருபவரை முன்னுக்கு அழையுங்கள்.

தொகையோடு பெயர் வாசிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டுக் காசுக்குக் கைதட்டல் விழும்போது பின் வாங்கில் இருக்கும் விதவைத் தாய் கூனிக் குறுகிப்போவார். எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது. சரி, மாதக் கணக்கை எழுதி வாசல் பலகையில் ஒட்டுங்கள். வருகிற ஞாயிறே தொடங்கலாம்.