திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்க மேய்ச்சல் தரையில் புல் எவ்வளவு வளர்கிறது என்பதை ட்ரோனால் அளக்க முடியுமா? எப்படி?

முடியும். ஆனால் ட்ரோன் தருவது புல்லின் உயரமும் பச்சையும்தான். அதைக் கிலோக் கணக்குக்குக் கொண்டுவர அரிவாளும் தராசும் வேண்டும்.

முதலில் அனுமதி. சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் பதிவு வேண்டும். சீனக்குடா விமானத் தளமும் கடற்படைத் தளமும் உள்ள மாவட்டம் என்பதால் அதோடு நிறுத்தாமல் உள்ளூரிலும் கேட்டுவிட்டே பறக்க விடுங்கள்.

10 ஹெக்டேர் அளவு தரைக்கு 40 மீட்டர் உயரம், செக்கனுக்கு 3–4 மீட்டர் வேகம் போதும். படங்கள் முன்பின்னாக 80%, பக்கவாட்டில் 75% ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு அங்குல சென்சர் உள்ள 20 மெகாபிக்சல் கமெராவில் ஒரு பிக்சல் சுமார் 1.1 செ.மீ. வரும். நேரம் காலை 9.30 முதல் 11 வரை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் ட்ரோனின் நிழலைச் சுற்றி ஒரு வெளிறிய பொட்டு விழும், நிறக் கணக்கு கெடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இன்னும் முந்துங்கள். படங்களை ஒன்றோடொன்று பொருத்தி உயரம் கணக்கிடும் மென்பொருள், ஆடும் புல் நுனியைப் பொருத்த முடியாமல் விட்டுவிடும், உயரம் குறைவாகவே வரும்.

பலர் சறுக்குவது நிலமட்டத்தில்தான். புல்லின் உயரம் என்பது மேற்பரப்பு மட்டத்தில் நிலமட்டத்தைக் கழித்தது. அடர்ந்த புல்லுக்குள் நிலம் தெரியாது. எனவே மாடு நன்றாக மேய்ந்து தரை வெளுத்த நேரத்தில் ஒருமுறை பறந்து, அதையே நிலமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணோடு மட்டமாகக் கொங்கிரீட் கட்டைகள் 6–8 புதைத்து, கறுப்பு வெள்ளை அடித்து, ஆர்.டி.கே. ஜி.பி.எஸ்.ஸால் (சென்ரிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஜி.பி.எஸ்.) அளந்துவிடுங்கள். பலகை வைத்தால் எருமை மிதித்து நகர்த்திவிடும். கட்டைகள் இல்லாவிட்டால் இந்தத் தட்டையான வெள்ளச் சமவெளி கணினியில் கவிழ்த்த தட்டுப்போல நடுவில் உப்பித் தெரியும். கட்டைகள் இருந்தாலும் 2–3 செ.மீ. பிழை நிற்கும். ஆகவே கிழமைக்கொரு தடவை பறப்பது வீண், 2–3 கிழமை இடைவெளி விடுங்கள்.

பறந்த அன்றே அறுக்க வேண்டும். 50 × 50 செ.மீ. சட்டத்தைக் குட்டை, நடுத்தரம், உயரம் என்று மூன்று வகைப் புல்லிலும் சேர்த்து 20–30 இடங்களில் வைத்து, இடத்தைக் குறித்து, அடியோடு அறுத்து, 65 பாகை செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காய வையுங்கள். சுமார் 48 மணித்தியாலம் எடுக்கும். ஒரு சட்டத்தில் 50 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 2,000 கிலோ உலர்புல். இந்த எடைக்கும் ட்ரோன் உயரத்துக்கும் வரைபடம் போட்டால் கிடைக்கும் கோடுதான் உங்கள் அளவுகோல். மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று தனித்தனியே போடுங்கள்.

மல்டிஸ்பெக்ட்ரல் கமெரா (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவது) இருந்தால் என்.டி.வி.ஐ. உதவும். அது சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு பச்சையைக் காட்டும் எண். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னும் பின்னும் அளவீட்டுத் தகட்டை (ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று முன்பே தெரிந்த சாம்பல் தகடு) படமெடுக்க மறக்க வேண்டாம். புல் அடர்ந்தபின் அந்த எண் ஏறாது. காய்ந்து நிற்கும் புல்லைக் காட்டாது. வெள்ளம் வடியாத இடத்தில் தண்ணீர் அதை இழுத்து இறக்கிவிடும்.

இன்னொன்று: இரண்டு பறப்புக்கு இடையிலான வித்தியாசம் வளர்ச்சி அல்ல, வளர்ந்ததில் மாடு தின்றது போக மிச்சம். வளர்ச்சியே வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டர்ச் சதுரக் கம்பிக்கூடுகள் ஐந்தாறு நாட்டுங்கள். பறக்கும் நேரம் கூட்டைத் தூக்கிவிட்டு, நடு ஒரு மீட்டரை மட்டும் கணக்கில் எடுங்கள், ஓரப்புல்லை மாடு நாக்கை நீட்டித் தின்றிருக்கும். பிறகு கூட்டைப் புதிய, மேய்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.