வடை சுட்ட எண்ணெயில் கார் ஓடுமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், நாமக்கல்லில் டீசல் இன்ஜினின் பம்ப், நாசில் (எரிபொருளைப் பீய்ச்சும் முனை) ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் மெக்கானிக்.

பலகாரக் கடை வைத்திருக்கிறேன். வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெய் நிறைய மிஞ்சுகிறது. 2021இல் வாங்கிய டீசல் கார் இருக்கிறது. டீசல் இன்ஜின் முதலில் கடலை எண்ணெயில்தான் ஓடியதாமே! மிஞ்சிய எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாமா?
– திண்டுக்கல் வாசகர்

வேண்டாம். கடலை எண்ணெய்க் கதையில் பாதி உண்மை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. வந்தவர்களில் சிலருக்குத்தான் அது தெரிந்தது என்று ருடால்ஃப் டீசலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஓரிடத்தில் நின்று நிதானமாகச் சுழன்ற இன்ஜின். அந்தக் காலத்தில் எரிபொருளை அழுத்தமான காற்று ஊதி உள்ளே தள்ளியது. உங்கள் காரில் அந்த வேலையைச் செய்வது, எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான குழாயில் எரிபொருளை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் பம்ப். அதன் உச்ச அழுத்தம் 1,600 பாரைத் தொடும், தாண்டவும் செய்யும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). (இன்னொன்று: இன்றைய கடலை எண்ணெய் விலைக்கு டீசலே மலிவு.)

என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: டீசல் எரிவதற்கு மட்டும் அல்ல, பம்புக்கும், எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் உள்ளே வழுவழுப்புத் தருவதும் அதுவே. தனியாக எண்ணெய் விடும் இடம் எதுவும் அங்கே கிடையாது. இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். வேட்டித் துணி எதைத் தடுக்கும்? கறுகிய மாவைத் தடுக்கும். உப்பையும் தண்ணீரையும், பலமுறை காய்ந்ததால் எண்ணெயில் ஊறிய அமிலத்தையும் விட்டுவிடும். போதாக்குறைக்கு, சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. நாசிலில் அது புகையாகப் பரவாமல் தாரையாகப் பாயும். சரியாக எரியாமல் துளையில் கரி கட்டும்.

அதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். டீசலாக இருந்தால் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். சமையல் எண்ணெய் போகாது. அங்கேயே தங்கி இறுகி, ஆயிலைக் கூழாக்கும். ஆயில் பிரஷர் விளக்கு எரிகிற நேரத்தில் பேரிங்குகள் போயிருக்கும்.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்பதற்கு நல்ல வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய ‘ரூகோ’ திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் அதை விலைக்கு எடுத்து, டீசலோடு கலக்கக்கூடிய பயோடீசலாக மாற்றும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காசில் டீசல் போடுங்கள்.

மலைச்சாலையில் ஓடும் பழைய ஜீப் என்னுடையது. பெஜோ இன்ஜின். தோட்டத்தில் புங்க மரங்கள் இருக்கின்றன. புங்கெண்ணெய் ஊற்றலாமா?
– போடி வாசகர்

உங்களிடம் இவ்வளவு கண்டிப்பாகப் பேச மாட்டேன். உங்கள் இன்ஜினில் எரிபொருள் முதலில் ஒரு சிறு அறைக்குள் போய்ச் சுழன்று எரிகிறது. கெட்டியான எண்ணெயையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். முதலில் பம்பைப் பாருங்கள். வரிசையாகப் பிளஞ்சர்கள் நிற்கும் இன்லைன் பம்ப் என்றால் முயன்று பார்க்கலாம். ரோட்டரி பம்ப் என்றால் கை வைக்காதீர்கள். மலைக் குளிரில் கெட்டியான எண்ணெயைத் தள்ள முடியாமல் உள்ளே இறுகிப்போகும்.

இன்லைன் பம்பாக இருந்தாலும் இரண்டு டாங்க் வேண்டும். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ரேடியேட்டர் வெந்நீரால் சூடாக்கிய எண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பே டீசலுக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் தள்ளித்தான் எடுப்பீர்கள். இன்ஜின் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள். இவ்வளவுக்கும் பொறுமை இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பயோடீசல் தயாரிக்கும் காணொளி பார்த்தேன். எளிதாகத்தான் தெரிகிறது. செய்யலாமா?
– கோவில்பட்டி கல்லூரி மாணவர்

வேதியியல் எளிதுதான். நூறு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இருபது லிட்டர் மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா. கலக்கிச் சூடேற்றி வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். ஆனால் அந்த மெத்தனால் எது தெரியுமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். அதன் ஆவியை முகர்வதும், தோலில் படவிடுவதும்கூட ஆபத்து. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டிச் செய்கிற காரியம் அல்ல. கல்லூரி ஆய்வகத்தில், பேராசிரியர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு குடுவை அளவு செய்து பாருங்கள்.

சரியாகக் கழுவாத பயோடீசலில் சோப்பு மிச்சம் இருக்கும், ஃபில்டரை அடைக்கும். நன்றாகக் கழுவிய பயோடீசலும்கூடப் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துப் பிய்த்துவிடும். டாங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் கிளப்பிவிடும்.

மண்ணெண்ணெய் கலந்தால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?
– சேலம் வாசகி

மைலேஜ் அதிகமாகாது. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. பம்ப் தேய்ந்து, அந்த இரும்புப் பொடி இன்ஜெக்டருக்குப் போகும். அப்படி வந்த கார்களில் டாங்க் முதல் நாசில் வரை எல்லாவற்றையும் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதுபோல டீசலிலும் கலப்பார்களா?
– கரூர் வாசகர்

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும். எத்தனால் அப்படி எளிதில் பற்றாது. அதனால் டீசலுக்கு அரசு வைத்திருக்கும் இலக்கு பயோடீசல்: 2018 உயிரி எரிபொருள் கொள்கைப்படி 2030க்குள் 5 சதவீதம். உங்கள் கார் கையேட்டில் பி5 அல்லது பி7 (5 அல்லது 7 சதவீத பயோடீசல் கலப்பு) என்று இருந்தால் அந்த அளவுவரை பயமில்லை. அதற்கு மேல் கலந்தது என்று யாராவது சாலையோரம் மலிவாக விற்றால், வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள்.