சைலன்சரின் அடியில் விழுந்த துருத்துளைக்கு

உங்கள் வண்டியின் சைலன்சர் அடியில் துருப்பிடித்து விழுந்த துளையை அடைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். அது விரல்நகம் அளவு துளைதான் என்று நீங்கள் எழுதியிருப்பதால், துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, வெப்பந்தாங்கும் சைலன்சர் பசையைப் பூசி, அதன்மேல் பால்மா டின்னில் வெட்டிய தகட்டைச் சுற்றி, இரண்டு ஹோஸ் கிளிப்புகளால் இறுக்கினால் சில காலம் சமாளிக்கலாம். சாதாரண எப்பொக்சிப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும்.

உங்களுடையதுபோல் கொழும்பு வெள்ளவத்தைக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுமையாகச் சூடேறாமல், உள்ளே படியும் நீர் அடியில் தங்கிவிடுவதே பெரும்பாலும் காரணம். கடற்காற்றின் உப்பு வெளிப்புறத்தை அரித்துவிடும்.

ஒட்டுப்போடுமுன், எஞ்சின் ஆறியபின் துளையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் ஒட்டு வீண். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய சைலன்சர் ஒன்றைத் தேடுவதே மலிவு.

துளை எஞ்சினுக்கு அருகிலுள்ள வளைகுழாயில் இருந்தால் இம்முறை நிலைக்காது, வெல்டிங்தான் செய்யவேண்டும். அதற்கு துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைக் கொடுக்காதீர்கள். அதன் புகை நச்சு.