கிளவ் கைக்கு என்ன வேலை? சாஃப்ட்பால் பிட்சிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பந்து இல்லாத கையைப் பற்றியவை. இடக்கை பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) படிக்கிறார்கள் என்பதால் இடது, வலது என்று சொல்லாமல் பந்தை வீசும் கையை ‘பந்துக் கை’, கிளவ் (பந்து பிடிக்கும் கையுறை) போட்ட கையை ‘கிளவ் கை’ என்றே எழுதுகிறேன்.

பந்தை வீசுவது ஒரு கை. இன்னொரு கையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கையைக் காற்றாலைபோல ஒரு முழுச் சுற்று சுற்றிக் கீழிருந்து வீசும் விண்ட்மில் பிட்சில் வேகம் தோளில் பிறப்பதில்லை. பின்காலால் தரையை உதைத்து முன்னே பாய்கிறோம். முன்கால் ஊன்றியதும் அந்தப் பாய்ச்சல் தடைபடுகிறது. தடைபட்ட வேகம் இடுப்பு, நெஞ்சுக்கூடு, மேற்கை, முன்கை, மணிக்கட்டு என்று வரிசையாகக் கைமாறி விரல் நுனிக்கு வந்து சேர்கிறது. சாட்டையின் பிடி நின்றால்தான் நுனி சொடுக்கும். இங்கே உடம்புதான் பிடி. அதை நேரத்துக்கு நிறுத்துவது முன்கால். அதற்குத் துணை கிளவ் கை.

நல்ல பிட்சர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இரண்டு கையும் சேர்ந்தே முன்னே கிளம்பும். பந்துக் கை கடிகார முள்போல 12 மணிக்கு ஏறும்போது கிளவ் கை, எதிரே பந்தைப் பிடிக்கக் காத்திருக்கும் கேட்சரை நோக்கித் தோள் உயரத்தில் நீண்டிருக்கும். பாதம் ஊன்றி, பந்துக் கை கீழே இறங்கும் நேரத்தில் கிளவ் கையும் முழங்கை மடங்கி, உடம்பை ஒட்டிக் கீழே வந்து விலாவுக்கு அருகில் அடங்கிவிடும். பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான் விஷயம்: உடலின் அச்சிலிருந்து தள்ளி நீண்டிருக்கும் கை, கிளவின் எடையையும் சேர்த்துக்கொண்டு, தான் போகும் பக்கமே உடம்பையும் இழுக்கும். உள்ளே அடங்கிய கைக்கு அந்த இழுப்பு குறைவு.

ஆகவே கிளவ் கை எஞ்சின் அல்ல. பாதி பிரேக், பாதி ஸ்டீயரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவால் தொடையில் ஓங்கித் தட்டச் சொல்கிறார் பயிற்சியாளர். சரியா?

நானே ஒரு காலத்தில் “தட்டு, தட்டு” என்று மைதானத்தில் கத்தியவன்தான். சத்தம் கேட்டால் ஏதோ நடக்கிறது என்று நமக்குத் திருப்தி. உண்மையில், தொடையில் மோதி நிற்கும் கையை நிறுத்தியது தொடை; முதுகுத் தசையும் வயிற்றுத் தசையும் அல்ல. தானாக லேசாக உரசினால் விட்டுவிடுங்கள். தொடையில் கன்றிப்போகும் அளவுக்குத் தட்டினால் நிறுத்துங்கள்.

மகளுக்கு 12 வயது. வீசும்போது கிளவ் பக்கவாட்டில் நீச்சலடிப்பதுபோல வெளியே போகிறது. பந்து ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம். எதைத் திருத்துவது?

கிளவ் வெளியே போனால் தோள் அதைத் தொடரும், தோளை இடுப்பு தொடரும். பந்துக் கை கீழே வந்து சேர்வதற்கு முன்பே இடுப்பு முன்பக்கம் திரும்பி வழியை அடைத்துவிடுகிறது. கை அந்த இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனால் பந்து ஒரு பக்கம் விலகும். அதைச் சரிக்கட்ட உடம்புக்குக் குறுக்கே இழுத்தால் மறு பக்கம் போகும். தவறு ஒன்றுதான், பந்து போகும் திசைதான் இரண்டு.

ஆனால் கிளவைத் திட்டுவதற்கு முன் காலைப் பாருங்கள். பிட்சிங் பிளேட்டிலிருந்து (பிட்சர் நின்று வீசும் பலகை) ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் அருகே தரையில் உள்ள தட்டு) ஒரு நேர்கோடு போட்டு, முன்பாதம் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். நான் பார்த்தவரை பலருக்குக் கோட்டை விட்டு நன்றாகத் தள்ளித்தான் விழுகிறது. அப்போது சாயும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் கிளவ் கை வெளியே பறக்கிறது. கயிற்றின் மேல் நடப்பவர் கையை விரிப்பதைப் போல. காலைத் திருத்தாமல் கையை மட்டும் கட்டிப்போட்டால், தடுமாற்றம் வேறு இடத்தில் முளைக்கும்.

கீழிருந்து வீசுவது இயல்பான அசைவு, தோளுக்குக் கேடில்லை, தினமும் வீசலாம் என்கிறார்களே?

இந்த நம்பிக்கை பல பிள்ளைகளின் தோளைப் பதம்பார்த்திருக்கிறது. பந்தை விடும் தருணத்தை ஒட்டி, கையைத் தோள் மூட்டிலிருந்து பிடுங்கி இழுக்கும் விசை உடல் எடையை நெருங்கும் அளவுக்குப் போகலாம். அதைத் தாங்குவதில் பைசெப்ஸ் தசைக்குப் பெரும் பங்கு. தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று பிட்சர்கள் சொல்வதற்கு ஒரு காரணம் அது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூகிகோ உஎனோ இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கித் தந்தார். வியக்க வேண்டிய சாதனை. அட்டவணை போட்டுப் பழக வேண்டியதல்ல.

கிளவ் கைக்கு டம்பெல் பயிற்சி கொடுத்தால் வேகம் கூடுமா?

கூடாது. அந்த நேரத்தைத் தொடைக்கும் பிட்டத் தசைகளுக்கும் முதுகுக்கும் கொடுங்கள்.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

போனில் ஸ்லோமோஷன் போதும், சாதாரண வீடியோ போதாது. பந்துக் கை 12 மணியிலிருந்து இறங்கிப் பந்தை விடுவதற்கு ஏறத்தாழ விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. விநாடிக்கு 30 பிரேம் எடுத்தால் அந்த இடத்தில் உங்களுக்கு மூன்று படங்கள்தான் கிடைக்கும். 240 பிரேமில் சுமார் 24. பந்துக் கைப் பக்கமிருந்து ஒன்று, கேட்சருக்குப் பின்னால் வலைக்கு அப்பாலிருந்து ஒன்று எடுங்கள். முன்பாதம் முழுதாகத் தரையில் படிந்த பிரேமில் நிறுத்துங்கள். பக்கவாட்டுப் படத்தில் கிளவ் இன்னும் முன்னே இருக்கிறதா, அல்லது கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறதா? இரண்டும் சரி. அதன்பின் பந்தை விடும் பிரேம் வரை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். கேட்சர் பக்கத்துப் படத்தில் கிளவ் உடம்பின் விளிம்பைத் தாண்டி வெளியே தெரியும் முதல் பிரேம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பந்து கையை விட்ட பிறகு என்றால் கவலை இல்லை. அதற்கு முன்பே என்றால், மேலே சொன்ன கோட்டைத் தரையில் போட்டு, வேகமில்லாமல் பத்துப் பந்து வீசச் சொல்லி மறுபடி படம் எடுங்கள்.