வெஸ்டாவின் துண்டு என்று சான்றிதழ் கொடுத்தால் வாங்கலாமா?

கேள்வி: நகம் அளவு கல் ஒன்றை, 'வெஸ்டா சிறுகோளின் துண்டு' என்று ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழோடு இணையத்தில் விற்கிறார்கள். மகளுக்குப் பரிசாகத் தர ஆசை. யாருமே போய் எடுத்து வராத கல், வெஸ்டாவுடையது என்று எப்படித் தெரியும்? நம்பி வாங்கலாமா?

பதில்: வெஸ்டாவின் கற்கள் பூமியில் விழுவது உண்மை. ஆனால் இணையத்தில் அந்த விற்பவர் தருவது அந்தக் கல்தானா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டித்தான் வியாபாரமே நடக்கிறது.

வெஸ்டா சுமார் 525 கி.மீ. அகலம். அதன் தென் துருவத்தில் ரியாசில்வியா என்ற பள்ளம் மட்டுமே ஏறக்குறைய 500 கி.மீ. இருக்கும், அவ்வளவு பெரிய அடி. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மோதலில் சிதறியவையும் அவற்றின் உடைசல்களும்தான் வெஸ்டா குடும்பம் என்று நாம் சொல்லும் சிறுகோள் கூட்டத்தில் பெரும்பங்கு. அவற்றில் சில மெல்ல நகர்ந்து வியாழனின் இழுப்பு பாதையைக் குலைக்கும் இடத்துக்குப் போய்விடும், அங்கிருந்து பூமிப் பக்கம் வரும். யூக்ரைட், டயோஜினைட், ஹோவர்டைட் என்ற மூன்று வகை விண்கற்கள் வெஸ்டாவோடு ஒத்துப்போவது 1970 முதல் ஒளி நிறமாலையில் (இரண்டும் பிரதிபலிக்கும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒப்பிட்டதில்) தெரிய வந்தது, 2011-12இல் நாசாவின் டான் விண்கலம் பக்கத்தில் சுற்றிப் பார்த்து உறுதி செய்தது. அது சரி.

இனி உங்கள் சான்றிதழ். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதற்கு மதிப்பே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது கல்லின் பெயர். ஆய்வகத்தில் வகைப்படுத்தி ஏற்கப்பட்ட ஒவ்வொரு விண்கல்லுக்கும் ஒரு பெயர் உண்டு, விண்கற்களுக்கான சர்வதேசச் சங்கத்தின் தரவுத்தளத்தில் காசு கொடுக்காமல் யாரும் தேடலாம். வகை, மொத்த எடை, மாதிரி எங்கே இருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். 'ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறேன், பெயர் வந்துவிடும்' என்றால் விட்டுவிடுங்கள். வகைப்படுத்தும் ஆட்கள் குறைவு, பலர் தங்கள் சொந்த ஆராய்ச்சிக்கு நடுவே செய்து தருகிறார்கள், வருடக்கணக்கில் வரிசை நிற்கிறது. இதைச் சரிசெய்ய யாரும் பணம் ஒதுக்குவதில்லை, அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் கடை விரிக்கிறார்கள், பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. உண்மையான பெயரைச் சொல்லி வேறு கல்லைத் தருகிறவர்களும் உண்டு. அதனால் யாரிடமிருந்து வாங்கினார் என்ற பழைய ரசீது வரை கேளுங்கள்.

காந்தம் ஒட்டுவதை வீடியோவில் காட்டினால் மயங்காதீர்கள். யூக்ரைட்டில் உலோகம் மிக மிகக் குறைவு, காந்தம் கப்பென்று பிடித்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். தவிர, பலமான காந்தத்தை வைத்தால் கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்த காந்தத் தடயமும் அழிந்துபோகும்.

உள்ளே குமிழ்க் குழிகள் தெரிந்தால் அநேகமாக உலைக் கசடு, அதாவது உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கழிவு. உடனே விற்பவர் 'இபிடிரா' என்பார். 1957இல் பிரேசிலில் விழுந்த அந்தக் கல் குமிழ்கள் நிறைந்த யூக்ரைட்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் (எடை வேறான ஆக்சிஜன் அணுக்கள் கலந்திருக்கும் அளவு, பிறந்த இடத்தைக் காட்டும் கைரேகை மாதிரி) மற்ற யூக்ரைட்டுகளோடு பொருந்தவில்லை, அதனால் அது வெஸ்டாவிலிருந்து வரவில்லை, வேறொரு சிறுகோளிலிருந்து வந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது அவர் காட்டும் விதிவிலக்கே அவருக்கு எதிரான சாட்சி. யூக்ரைட்டிலேயே வெளியாள் இருக்கும்போது, கண்ணால் பார்த்து 'வெஸ்டா' என்று சொல்ல எவராலும் முடியாது.

உண்மையான யூக்ரைட் காற்று மண்டலத்தில் நுழையும்போது மேலே உருகி உறையும் எரிந்த தோல் பெரும்பாலும் தார் பூசியதுபோல் பளபளக்கும் கறுப்பு, உடைத்தால் உள்ளே வெளிர் சாம்பல். இந்த இரண்டும் ஒரே துண்டில் தெரிகிற மாதிரி படம் அனுப்பச் சொல்லுங்கள். பெயரும் படமும் வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.