மார்க்கெட்டை இடித்துக் கட்டுகிறார்கள்: உள்வாடகைக் கடைக்காரர் வழக்குப் போடலாமா?

கேள்வி: வேலூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி மார்க்கெட்டில் 2003 முதல் மளிகைக் கடை நடத்துகிறேன். கடை என் அப்பாவின் நண்பர் பெயரில் இருக்கிறது. அவருக்கு அப்போதே நான்கு லட்சம் குட்வில் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினோம். நகராட்சி வாடகையை அவர் பெயரில் நான்தான் கட்டுகிறேன். அவருக்கும் மாதாமாதம் தனியாக ஒரு தொகை போகிறது. இப்போது மார்க்கெட்டை இடித்து மாடி வைத்த வணிக வளாகம் கட்டி, பழைய பெயரையும் மாற்றப்போகிறார்களாம். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாபாரிகள் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போகிறது. நானும் மனுதாரராகச் சேரலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மார்க்கெட்டின் பழம்பெருமை, வளைவு, பெயிண்ட், புதுப்பெயர், வரைபடம் போட்ட ஆலோசகர் வெளியூர்க்காரர் என்ற கோபம் எல்லாம் அதில் இருக்கிறது. இவற்றில் எதுவும் உங்கள் வழக்குக்கு உதவாது. மார்க்கெட்டை இடிப்பதும் கட்டுவதும் பெயர் வைப்பதும் மன்றத் தீர்மானத்திலும் அரசாணையிலும் முடிவாகிற விஷயம். பெயரில் ஆட்சேபம் இருந்தால் வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். ஐகோர்ட் அதற்குள் நுழையாது.

உங்களுக்குத் தேவையான ஒரே வரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: கடை உங்கள் பெயரில் இல்லை.

நகராட்சியின் கேட்புப் பதிவேட்டில், அதாவது யாரிடம் எவ்வளவு வாடகை வர வேண்டும் என்று எழுதிவைக்கும் பதிவேட்டில், எந்தப் பெயர் இருக்கிறதோ அவர்தான் நகராட்சிக்குத் தெரிந்த ஆள். உள்வாடகைக்கு விடக்கூடாது என்பது கடை ஒதுக்கீட்டு ஆணையில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. வெறும் உரிமமாகப் பார்த்தாலும், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி உரிமதாரர், அதாவது உங்கள் அப்பாவின் நண்பர், அதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. உங்கள் 20 ரூபாய் பத்திரம் உங்களுக்கும் அவருக்கும் இடையிலான காகிதம், நகராட்சியை அது கட்டுப்படுத்தாது. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை நம்பவும் வேண்டாம், உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு அது பொருந்தாது. இத்தனை வருஷம் வாடகை கட்டிய ரசீதுகளைக் காட்டலாமே என்கிறீர்கள். அந்த ரசீதுகளில் அவர் பெயர்தானே இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், உங்கள் கடை வாசலில் பிளாட்பாரத்தில் பூ விற்கும் அம்மாவுக்கு உங்களைவிடச் சட்டத்தின் பிடி கெட்டி. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை அவரை அகற்றக்கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். மார்க்கெட்டுக்குள் கடை எடுத்தவர்களுக்கு அப்படி ஒரு குழு கிடையாது.

இனி ரிட் மனுவின், அதாவது சங்கம் ஐகோர்ட்டில் போடப்போகும் மனுவின், ஆபத்து. உங்கள் நிலையில் இருக்கிற பலர் விழுகிற குழி இதுதான்.

மனுவோடு பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ‘நான் 2003 முதல் கடை நடத்துகிறேன்’ என்று எழுதினால், உள்வாடகை நடந்ததை நீங்களே சத்தியம் செய்து ஒப்புக்கொள்கிறீர்கள். நகராட்சி வக்கீலுக்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த வாக்குமூலத்தை வைத்தே உரிமதாரருக்கு நோட்டீஸ் போய் ஒதுக்கீடு ரத்தாகலாம். உங்களுக்கும் கடை இல்லை, அவருக்கும் இல்லை. அதை மறைத்து எழுதினாலும் தப்ப முடியாது. உங்கள் ஜிஎஸ்டி பதிவுக்கு முகவரிச் சான்றாக எதைக் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உரிமதாரரோடு போட்ட வாடகை ஒப்பந்தமோ அவருடைய சம்மதக் கடிதமோதான் இருக்கும். உண்மையை மறைத்த மனு என்று தெரிந்தால் அந்த ஒரு காரணத்துக்கே தள்ளுபடி.

அதற்காக இப்போது முன்தேதியிட்டு ஒரு கூட்டாண்மைப் பத்திரம் ‘தயார் செய்து’ வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். முத்திரைத்தாளில் விற்பனையாளர் முத்திரையும் தேதியும் வரிசை எண்ணும் இருக்கும், அவருடைய பதிவேட்டோடு ஒப்பிட ஒரு மணி நேரம் போதும். சிவில் தகராறு பொய் ஆவண வழக்காகிவிடும்.

சங்கத்தின் மனு வென்றாலும் என்ன கிடைக்கும்? இத்தகைய மனுக்களில் அடிக்கடி வரும் உத்தரவு, ‘மனுதாரர்களின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்துச் சட்டப்படி முடிவெடுக்க வேண்டும்’ என்பது. அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் வெடி வெடிப்பார்கள். பிறகு கமிஷனர் பரிசீலித்து, கட்டடத்தின் உறுதித்தன்மை பற்றிய பொறியாளர் அறிக்கையை மேற்கோள் காட்டி நிராகரிப்பார். உத்தரவை அவர் நிறைவேற்றிவிட்டார், அவமதிப்பு வழக்கும் நிற்காது. அதற்குள் ஜேசிபி வந்துவிடும். எதிர்ப்பாக வாடகையை நிறுத்தலாம் என்று சங்கம் சொன்னால் கேட்காதீர்கள். நிலுவை உள்ள கடைக்கு மறுஒதுக்கீட்டுப் பட்டியலில், அதாவது பழைய கடைக்காரர்களுக்குப் புது வளாகத்தில் கடை தரும் பட்டியலில், இடம் கேட்பது சிரமம்.

ஆகவே சேராதீர்கள், சமரசம் பேசுங்கள். இடிப்பதற்கு முன்பே பேசுங்கள். இன்று சாவி உங்கள் கையில் இருக்கிறது. நகராட்சிக்குக் காலி செய்து கொடுக்க உரிமதாரருக்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். சுவர் விழுந்தபின் அவருக்கு உங்களிடம் எந்த வேலையும் இல்லை. தற்காலிகக் கடையும் மறுஒதுக்கீடும் அவர் பெயரில்தான் வரும்.

நான்கு லட்சத்தையும் முழுசாகக் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். கோர்ட்டில் அது தேறுவது சந்தேகம். சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாட்டில் இருவருக்கும் பங்கு இருந்தால் கோர்ட் யாருக்கும் வசூல் செய்து தராது, பணவழக்குக்கான மூன்றாண்டுக் காலவரம்பும் உங்களுக்கு எதிராக வாதாடப்படும். பாதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி மூலம் வாங்குங்கள், கணக்குத் தீர்ந்தது என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘பணம் தராவிட்டால் உள்வாடகையை நகராட்சியில் சொல்லிவிடுவேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே புகார் வரும்.

அவர் பெயரில் புதுக் கடை, உள்ளே நீங்கள் என்று பழையபடியே தொடரும் யோசனை வேண்டாம். புது வளாகத்தில் ஆளைச் சரிபார்ப்பார்கள். மறுஒதுக்கீடு போக மிஞ்சும் கடைகள் ஏலத்துக்கு வரும். அதில் உங்கள் பெயரிலேயே கேளுங்கள். ஏல அறிவிப்பு வருவதற்குள் வைப்புத்தொகைக்கான டிடி பணமும் பான், ஜிஎஸ்டி நகல்களும் கையில் இருக்கட்டும். மொத்தம் எத்தனை கடை, எந்தத் தளத்தில், எத்தனை சதுர அடி, எத்தனை மறுஒதுக்கீட்டுக்கு என்பதை பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது உங்கள் கடை எண்ணை மட்டும் குறிப்பிடாமல் மார்க்கெட் முழுவதற்கும் கேளுங்கள்.