20 பேர், 2 பாட்டில் ஜின், 15 கிலோ ஐஸ்

கேள்வி: சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை மாலை சிங்கப்பூர் பொங்கோலில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஒரு சின்ன ஒன்றுகூடல். மொத்தம் 20 பேர், அதில் குடிப்பவர்கள் 12. பியரும் விஸ்கியும் மட்டும் இல்லாமல், குளுகுளுவென்று ஏதாவது காக்டெயில் கொடுக்க ஆசை. 'ஸ்பிரிங் காக்டெயில்' என்று தேடினால் கேள்வியே படாத சாமான்களைக் கேட்கிறார்கள். என்னிடம் ஷேக்கர்கூட இல்லை. வீட்டுக்கே வந்து கலந்து தர ஒருவர் 680 வெள்ளி கேட்கிறார். கொழுந்தனார் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்கிறார். நானே செய்துவிட முடியுமா?
— பொங்கோல் வாசகி

முடியும். அந்த 680 வெள்ளியைக் கொடுக்க வேண்டாம், கொழுந்தனாரும் வெறுங்கையோடு வந்தால் போதும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் பானத்தை முடித்துவிடுவோம்.

அந்த ஸ்பிரிங் பட்டியலை எல்லாம் மூடிவையுங்கள். குளிர்காலம் முடிந்து வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் லண்டன்காரர் தோட்டத்தில் நாற்காலி போட்டுக் குடிப்பதற்காக எழுதியவை அவை. அவை கேட்கிற ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு அங்கே அந்தப் பருவத்தில் சந்தையில் கிடைக்கும், இங்கே தேடிப் பிடித்து வாங்கினால் தங்க விலை. பஞ்சாங்கப்படி நமக்கும் சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில்தான், ஆனால் சிங்கப்பூரில் அது புழுக்கத்தின் உச்சம். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானதை மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியானம் இடிமழை வரும், மழை விட்டதும் இன்னும் வேர்க்கும். இந்தச் சூட்டில் க்ரீம், முட்டை, இனிப்பு மதுவகை சேர்த்த எதுவும் இரண்டாவது கிளாஸிலேயே திகட்டிவிடும். வேண்டியது புளிப்பு, சோடா, ஐஸ்.

19 வருஷம் பாருக்குப் பின்னால் நின்றவன் சொல்கிறேன், வீட்டு விருந்துக்கு ஒரே ஒரு காக்டெயில் போதும். மூன்று வகை வைத்தீர்கள் என்றால் நீங்கள் விருந்துக்கு வந்தவர் இல்லை, வேலைக்கு வந்தவர். மொஹிட்டோ வேண்டாம், கிளாஸ் கிளாஸாகப் புதினாவை இடிக்க வேண்டும், 12 பேர், ஆளுக்கு மூன்று என்று 36 கிளாஸுக்கு இடித்துப் பாருங்கள், அப்புறம் வந்தவர்கள் பல்லிடுக்கில் இலையோடு போட்டோவுக்குச் சிரிப்பார்கள். நம்ம ஊர்ப் பெருமை என்று சிங்கப்பூர் ஸ்லிங் பக்கமும் போகாதீர்கள். 1915 வாக்கில் ராஃபிள்ஸ் ஹோட்டலில் நியாம் டோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படுகிற பானம், சரி, ஆனால் ஜின், செர்ரி மது, குவான்த்ரோ, பெனடிக்டின், அன்னாசிச் சாறு, லைம், கிரெனடின், பிட்டர்ஸ் என்று எட்டு சாமான். அதில் மூன்று பாட்டில்களை ஒருதடவை திறந்துவிட்டு அடுத்த சித்திரை வரை தூசி தட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஜின், லைம், சர்க்கரைப் பாகு, சோடா. பாரில் இதை மஞ்சள் எலுமிச்சை போட்டு டாம் காலின்ஸ் என்போம், இங்கே பச்சை லைம்தான் மலிவு, ருசியிலும் குறைவில்லை. 12 பேர், ஆளுக்கு மூன்று கிளாஸ் என்றால் 36. ஒரு கிளாஸுக்கு ஜின் 40 மில்லி. 700 மில்லி பாட்டில் இரண்டு வாங்கினால் 35 கிளாஸ் வரும், அந்த ஒரு கிளாஸ் குறைவதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லைம் சாறு கிளாஸுக்கு 25 மில்லி, பாகு 20, சோடா 100. பாகு என்றால் பயப்படாதீர்கள், அதிரசத்துக்கு வைக்கிற பதம் எல்லாம் இல்லை, அரை கிலோ சர்க்கரையை அரை லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்தால் சுமார் 800 மில்லி வரும், ஆறவிட்டு பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இதை வெள்ளிக்கிழமையே செய்துவிடலாம்.

லைம் மட்டும் சனிக்கிழமை மத்தியானம்தான். 40 பழம் எடுத்துக்கொள்ளுங்கள், தேக்கா ஈரச்சந்தையில் மொத்தமாகக் கேட்டால் குறைத்துத் தருவார்கள், தோல் மெலிசாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவதாகப் பார்த்து எடுங்கள். முதல் நாளே பிழிந்து வைத்தால் அந்த வாசனை போய்விடும், பாட்டிலில் வருகிற லைம் சாற்றின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். கலமான்சி, அந்தக் குட்டி எலுமிச்சை, பிடிக்கும் என்றால் பாதிக்குப் பாதி அதையும் சேர்க்கலாம், மணம் அருமையாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் சொட்டுத்தான் வரும், விதையை வேறு வடிகட்ட வேண்டும், உட்கார்ந்து பிழிய வீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இனி கலப்பது. இரண்டு பாட்டில் ஜின், 875 மில்லி லைம் சாறு, 700 மில்லி பாகு. பெரிய ஜாடியில் ஊற்றிக் கலக்கினால் ஏறக்குறைய மூன்று லிட்டர் வரும். உப்பு ஒரு சிட்டிகை போடுங்கள், கசப்பை அடக்கும். 'அசாம் போய்' என்கிற உப்பில் ஊறிய உலர் பிளம் பழம் கைவசம் இருந்தால் உப்புக்குப் பதில் அதை நாலைந்து போட்டுவிடலாம், இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி நாக்கில் பட்டதும் ஒரு சிரிப்பு வரும். நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். சோடாவை ஜாடியில் ஊற்றவே கூடாது, ஒரு மணி நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். சோடா கிளாஸில்தான் சேர வேண்டும்.

ஷேக்கர் இல்லை என்றீர்களே, இதற்குத் தேவையே இல்லை, ஒரு கரண்டி போதும். முந்தின நாள் உங்கள் சாம்பார் கரண்டியில் தண்ணீர் பிடித்து அளவுக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள், 85 மில்லி எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். என் வீட்டுக் கரண்டியில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே. கிளாஸ் நிறைய ஐஸ், அதன்மேல் ஒரு கரண்டி கலவை, மேலே சோடா, ஒரே ஒரு கிளறல். புதினா நாலு இலையை உள்ளங்கையில் வைத்துப் படாரென்று ஒரு தட்டு தட்டி மேலே செருகுங்கள், கசக்கினால் பச்சைக் கசப்பு இறங்கும்.

ஐஸ் விஷயத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தண்ணியாகிவிடுமே என்று பயந்து இரண்டு துண்டு போடுவார்கள், அதுதான் சீக்கிரம் கரைந்து பானத்தைக் கெடுக்கும். கிளாஸ் நிறைய ஐஸ் இருந்தால் ஒன்றை ஒன்று குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும், மெதுவாகக் கரையும். ஆளுக்கு முக்கால் கிலோ என்று 20 பேருக்கு 15 கிலோ, மூட்டை ஐஸாக வாங்கி ஸ்டைரோஃபோம் பெட்டியில் போடுங்கள், உங்கள் குளிர்பெட்டித் தட்டில் உறைகிற ஐஸ் முதல் அரை மணி நேரத்துக்குக்கூட வராது. பியர் கேனை அமுக்கி வைக்கிற ஐஸ் வேறு, கிளாஸில் போடுகிற ஐஸ் வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. கேன் எந்தக் கிடங்கில் கிடந்தது, அதன்மேல் எந்தக் கரப்பான் நடந்தது என்று யாருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பானம் லைம் ஜூஸ் மாதிரியே இறங்கும். ஒரு கிளாஸில் உள்ள மது, 5 சதவீத பியர் ஒரு சின்னக் கேனில் உள்ளதற்கு ஏறக்குறைய சமம். என் வீட்டுத் தீபாவளியில் பெரியப்பா தாகத்துக்கு இரண்டு கிளாஸ் ஜூஸ் குடித்துவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாத காதல் கதையைப் பெரியம்மா முன்னால் ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து மது ஜாடிக்குக் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுகிறேன், அது சமையலறை மேடையை விட்டு ஹாலுக்கு வராது. குடிக்காத எட்டுப் பேருக்கு ஹாலில் பானகம் வையுங்கள். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, தண்ணீருக்குப் பதில் பாதி சோடா. நிறம் பழுப்பு, மாறிப் போக வழியில்லை. காக்டெயிலை விட இது சீக்கிரம் தீர்ந்துபோகும், கூடுதலாகவே வையுங்கள்.

சரி, அந்த 680 வெள்ளிக்கு வருவோம். இந்த மாதிரி வீட்டுக்கு வருகிற பார்க்காரர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், நானே சிலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் நடுவில் ஒரு ஏற்பாட்டாளர் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் ஒரு விலையும் கலப்பவரிடம் ஒரு விலையும் பேசுகிறார் பாருங்கள், கோளாறு அங்கேதான். 20 பேருக்கு என்று போட்டிருப்பார், உங்கள் வீட்டில் குடிப்பவர் 12 பேர், வகுத்துப் பாருங்கள், தலைக்கு 56 வெள்ளிக்கு மேல். ஃப்ரீ ஃப்ளோ, குடிக்கக் குடிக்க ஊற்றுவோம் என்பார், கீழே பொடி எழுத்தில் இரண்டு மணி நேரம் என்று இருக்கும், ஐஸுக்குத் தனி, கிளாஸுக்குத் தனி, இரவு ஒன்பதுக்கு மேல் நின்றால் தனி. நான் ஒரு கல்யாணத்துக்குக் கலக்கப் போனபோது, பெயர் வேண்டாம், பெரிய கம்பெனி ஜின் பாட்டிலுக்குள் மலிவுச் சரக்கை ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்த பாட்டிலைப் பிடித்துப் படம் வேறு எடுத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அன்றைக்குச் சம்பளம் வேண்டியிருந்தது, இப்போது சொல்கிறேன். நான் சொன்ன கணக்குக்கு ஜின், லைம், சோடா, ஐஸ், புதினா எல்லாம் சேர்த்து 150, 160 வெள்ளிக்குள் முடிந்துவிடும். இன்னொருவர் வந்து கரண்டி பிடிக்கத்தான் மிச்சம் 520 வெள்ளி.

டெலிகிராமில், அங்கே இங்கே, 'டியூட்டி ஃப்ரீ ஜின் 25 வெள்ளி' என்று வருகிறதே, அதையும் தொடாதீர்கள். சின்னக் கணக்குத்தான். இங்கே ஜின் மாதிரி மதுவுக்கு வரி, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 700 மில்லி, 40 சதவீத ஜின்னில் 280 மில்லி ஆல்கஹால், வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு, அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 26 வெள்ளி 86 காசு. பாட்டிலும் உள்ளே இருப்பதும் இலவசம் என்றால்கூட 25க்கு வராது. ஒன்று கடத்தல், அல்லது உள்ளே இருப்பது ஜின் இல்லை. ஒரு பாட்டிலில் பாதி விலை வரி என்பது எனக்கும் எரிச்சல்தான், அதுதான் இந்த ஆட்களையே வளர்த்துவிடுகிறது, ஆனால் அதற்காக உங்கள் விருந்தாளிக்கு என்னவென்று தெரியாததை ஊற்ற முடியாது.

கொழுந்தனார் விஷயம். வெளிநாட்டிலிருந்து வரும்போது வரியில்லாமல் மொத்தம் இரண்டு லிட்டர் கொண்டு வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஆனால் மலேசியாவிலிருந்து வந்தால் இந்தச் சலுகை கிடையாது. திரும்பச் சொல்கிறேன், கிடையாது. காலையில் போய் மாலையில் வருகிறவருக்கு மட்டும் இல்லை, ஐந்து நாள் தங்கியவருக்கும் கிடையாது. ஜொகூரிலிருந்து காஸ்வே பாலம் வழியாக பஸ்ஸில் வந்தாலும் கிடையாது, பினாங்கிலிருந்து விமானத்தில் வந்து சாங்கியில் இறங்கினாலும் கிடையாது. 'ஒரே ஒரு பாட்டில்தானே' என்பார், அந்த ஒன்றுக்கும் கிடையாது. சுங்கச் சாவடியின் சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லி வரி கட்டிவிட்டுத் தாராளமாகக் கொண்டு வரலாம், ஆனால் அப்புறம் என்ன மிச்சம்? சொல்லாமல் வந்து பிடிபட்டால் அபராதம், உங்கள் விருந்துக்கும் வரமாட்டார். வாட்ஸ்அப்பில் 'எங்க மாமா கொண்டு வந்தார், ஒண்ணும் ஆகல' என்று ஒருவர் எழுதுவார். அவர் மாமாவைச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் எந்த நேரம் குடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். காற்று வாங்கலாம் என்று கிளாஸோடு புளோக்குக் கீழே இறங்காதீர்கள், அது பொது இடம், 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, முதல்தடவைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம். கடையிலும் அதே நேரத்தில் விற்க மாட்டார்கள், 10.35க்கு ஓடிப்போய் நின்றால் கல்லாவில் இருக்கும் பிள்ளை கையை விரிக்கும், அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை. விஸ்கிதான் வேண்டும் என்று ஒரு மாமா அடம்பிடிப்பார், அவருக்கு ஒரு பாட்டிலை முன்னாடியே வாங்கி வைத்துவிடுங்கள், அதே சோடா, அதே ஐஸ். கார் சாவியோடு வந்தவர்களுக்கு கிராப் டாக்சி போட்டு அனுப்புங்கள்.

ஜாடியில் மிஞ்சினால் மூடி குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாள் ஞாயிறு மத்தியானம் வரை குடிக்கலாம், லைம் வாசனை கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கும், புதிதாக அரைப் பழம் பிழிந்துகொள்ளுங்கள். ரிப்பனை மட்டும் அவிழ்க்காதீர்கள்.